இலை போடாத விருந்து

வள்ளித்தாயின் அண்ணன் கோபாலசாமி சத்தியம் பண்ணி மூன்று வருஷமாகிறது. சும்மா முணுமுணுத்த சத்தியமில்லை. தங்கச்சி வீட்டுப் பந்தியில் அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் எழுந்து நின்று, "இனிமே இந்த வீட்டுல இலையில உக்கார மாட்டேன். பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஓட்டப்பிடாரத்திலிருந்து தன் ஊரான எப்போதும்வென்றானுக்கு நடந்தே போய்விட்டான். பஸ் இருந்தது. கோபத்தில் ஏறவில்லை.

அப்படி என்ன கொலைக்குற்றம் நடந்துபோச்சு என்று கேட்டால் சிரிப்புத்தான் வரும். வள்ளித்தாயின் புருஷன் அழகிரிசாமி கப்பலில் சமையல்காரன். லீவில் வந்திருந்தவன், கறிக்குழம்பு புரையேறி மச்சான் இருமுவதைப் பார்த்துவிட்டு, "மச்சானுக்குக் காரம் ஆகாது, தயிர்ச்சோறு போடுங்கப்பா!" என்று பந்தியில் சத்தம் போட்டுவிட்டான். காட்டில் மிளகாய் வத்தல் விளைவிக்கிற சம்சாரியைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது? பந்தியே சிரித்தது. கோபாலசாமி சிரிக்கவில்லை.

அதற்கப்புறமும் மாசி தவறாமல் தங்கச்சி வீட்டு வாசலுக்கு ஒரு மூட்டை வத்தல் வந்துவிடும். அவனே சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான். "அண்ணே, ஒரு வாய் மோராவது..." என்று வள்ளித்தாய் வெளியே ஓடி வருவதற்குள் சைக்கிள் தெருமுனை தாண்டியிருக்கும். அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு அழுவாள்.

இப்போது மகள் சொர்ணத்தாய்க்குக் கோயிலில் காதுகுத்து. மடியில் வைத்துக்கொள்ளத் தாய்மாமன் வந்துதான் ஆக வேண்டும். வருவான். பிள்ளையை வீட்டு வாசல்வரை தூக்கிவந்து விட்டுவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவான். ஊர் பார்க்கத் தாய்மாமன் வெறும் வயிற்றோடு போனால் அதற்கப்புறம் அது என்ன விசேஷம், என்ன உறவு?

அந்த நேரம் பார்த்துத்தான் அழகிரிசாமி கப்பலிலிருந்து ஒரு பொடிப் பாட்டிலோடு வந்து இறங்கினான். அமெரிக்காவில் லூசியானா என்கிற சீமைக்குக் கப்பல் போயிருந்ததாம். அங்கே கேஜன் என்று ஒரு கூட்டம் இருக்கிறதாம். காரமில்லாமல் அவர்களுக்குச் சோறு இறங்காதாம்.

"கொத்துக்கறிய வட்டமாத் தட்டி, இந்தப் பொடியப் போட்டுப் பெரட்டி, காய்ஞ்ச கல்லுல கருக விட்டு எடுப்பாங்க. பன்னுக்கு நடுவுல வச்சா பர்கர். இலையும் வேண்டாம், தட்டும் வேண்டாம். நின்னுக்கிட்டே கையில பிடிச்சுத் திங்க வேண்டியதுதான்."

வள்ளித்தாய் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன சொன்னீங்க? இலை வேண்டாமா?"

"வேண்டாம்."

"உக்காரவும் வேண்டாமா?"

"வேண்டாங்கிறேன்லா!"

அவ்வளவுதான். காதுகுத்துக்கு அதுதான் விருந்து என்று முடிவு பண்ணிவிட்டாள். கூடவே புருஷனுக்கு ஒரு எச்சரிக்கையும் கொடுத்தாள். "அண்ணன் திங்கும்போது நீங்க வாயத் தொறந்தீங்கன்னா, அடுத்த கப்பலுக்கு இன்னைக்கே கெளம்பிருங்க."

காதுகுத்தன்று காலையில் அழகிரிசாமி பன் வாங்கக் கோவில்பட்டி பஸ் ஏறினான். வள்ளித்தாய் அந்தச் சீமைப் பொடியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். காரமா இது? பிள்ளைக்கு முகத்தில் பூசலாம்! இதைப் போட்டால், மறுபடியும் காரம் ஆகாதவனுக்குச் செய்த பத்தியச் சாப்பாடு என்று அண்ணன் நினைத்துவிட மாட்டானா? அண்ணன் காட்டு வத்தலை இரண்டு கையாலும் அள்ளி வறுத்தாள். மிளகு, பூண்டு, வாசத்துக்கு ஓமவல்லி இலை. எல்லாவற்றையும் அம்மியில் வைத்து அரைத்துக் கொத்துக்கறியில் பிசைந்தாள். கறி கையில் நிற்காமல் உதிர்ந்தது. கோலா உருண்டைக்குப் போடுகிற பொட்டுக்கடலை மாவைத் தூவினாள், சொன்னபடி கேட்டது. தோசைக்கல்லில் போட்டதும் கிளம்பிய நெடியில் தெருவே இருமியது. பன்னோடு வந்த அழகிரிசாமி வாசலிலேயே மூன்று தும்மல் தும்மினான். என்ன ஏது என்று கேட்க நேரமில்லை. கோயிலுக்கு நேரமாகிவிட்டது.

காதுகுத்து முடிந்து, அழுது சிவந்த சொர்ணத்தைத் தோளில் சாய்த்தபடி கோபாலசாமி வாசலுக்கு வந்தான். வேப்பமரத்தடியில் பிள்ளையை இறக்கிவிட்டு, "சரிட்டி, வாரேன்" என்றான்.

"அண்ணே, நில்லு." வள்ளித்தாய் பர்கரைக் காகிதத்தில் சுற்றி நீட்டினாள். "இங்கன இலை போடல. உக்காரவும் வேண்டாம். நின்ன எடத்துலயே தின்னு. நீ சத்தியம் பண்ணுனது இலைக்கும் தண்ணிக்கும்தான? இதுக்கு இல்லையே?"

கோபாலசாமி யோசித்தான். சொந்தக்காரர்கள் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். மாட்டேன் என்று அவன் வாயெடுக்கப் போன நேரத்தில் சொர்ணம் அண்ணாந்து பார்த்து, "மாமா, காரம்னு பயமா?" என்றாள்.

அடி பாவி மகளே! வள்ளித்தாய்க்கு உயிரே போய்விட்டது.

"பயமா? எனக்கா?" கோபாலசாமி வெடுக்கென்று பிடுங்கி ஒரே கடியில் பாதியை வாய்க்குள் தள்ளினான். மென்றான். முகம் மெல்லச் சிவந்தது. நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

எதிரே அழகிரிசாமியும் ஒன்றைக் கடித்தான். கேஜன்காரனிடம் தின்றது போலத்தான் இருக்கும் என்று நினைத்துக் கடித்தவன், அப்படியே நின்றுவிட்டான். கண்ணிலிருந்து தாரைதாரையாக வடிந்தது. பெண்டாட்டி சொன்ன எச்சரிக்கை ஞாபகம் வந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டான். மூடினால் இன்னும் எரிந்தது. வள்ளித்தாய் ஒரு செம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் கல்லின்மேல் வைத்தாள். இரண்டு பேரும் செம்பையே பார்த்தார்கள். இரண்டு பேரும் கடித்தார்கள். இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினார்கள்.

கடைசியில் அழகிரிசாமிதான் தோற்றான். "மச்சான், என்னால முடியல மச்சான்! காரம் ஆகாதவன் நான்தான், போதுமா? ஒங்க காட்டு வத்தல் மனுசனக் கொன்னுரும்!" என்று செம்பைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தான்.

கோபாலசாமி சிரித்தான். மூன்று வருஷமாக உள்ளே கிடந்த சிரிப்பு. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "எவன்லே சொன்னான் எனக்குக் காரம் ஆகாதுன்னு? எவன்லே சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். சிரிப்பில் காரம் புரையேறி, இருமி, கண் பிதுங்கி, மாப்பிள்ளை கையிலிருந்த செம்பைப் பிடுங்கி மிச்சத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டான்.

காலிச் செம்பையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தான் கோபாலசாமி. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான்.

அவன் செருப்பைக் கழற்றினான்.

"ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்க? இலையப் போடு. தயிர்ச்சோறு கொண்டா. மாப்ளைக்கும் சேத்துப் போடு."