யோபே ஜெரே திரும்பிப் படுத்த விவரம்

1

அறையில் இருந்தவர்கள்: என் அண்ணன் யோபே ஜெரே, வயது எழுபத்தொன்பது, அண்ணி திசாவுகே, சுகாதார நிலையத்து நர்ஸ் கசோண்டே, நான். வேறு யாரும் இல்லை. எங்கள் சிபாட்டா ஊரே கட்டிலோரம் நின்றதுபோலப் பேசுவதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "ஜெரே குடும்பத்தில் யாருக்கும் படுக்கைப்புண்..."

(அடித்துவிட்டேன். அந்தச் சொல்லையும் எங்கள் பெயரையும் ஒரே வரியில் வைக்க மாட்டேன்.)

2

இரண்டாம் தொடக்கம். இடுப்பு முறிந்து தேறியபின் அண்ணன் பகல் முழுதும் மர நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்க்க வருபவர்கள் முன் எங்கள் ங்கோனி இனத்து ஆண் நெளிவதில்லை.* உட்கார்ந்து உட்கார்ந்து தோல் பிளந்தால் பெரிய ஆஸ்பத்திரிதான். "கிழவரை அழுக விட்டார்கள்" என்று ஊர் சொல்லும்.

கசோண்டே வந்ததும் கட்டிலில் கிடத்தினோம்.

"பின்பக்கம் காட்டுங்க," என்றாள் கசோண்டே.

"செத்தப்புறம் பாத்துக்கோ."

(இங்கே அவள் பணிவாகக் கெஞ்சியதாக எழுதியிருந்தேன். பொய். அவள் பெம்பா இனத்தவள். அவர்களுக்கும் எங்களுக்கும் பழைய போர்ப் பகை இப்போது கேலி முறை. சாவு வீட்டிலும் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், கோபப்பட்டவன் தோற்றவன்.)

"எலி தின்னி மச்சானுக்கு வெக்கமா? உங்காளுங்க முதுகு காட்டி ஓடினத எங்க பாட்டனுங்க பாத்திருக்காங்களே."

"குரங்கு தின்னி, எவன்டி ஓடினான்?"

"ஓடலன்னா பின்பக்கம் காயமே இருக்காது. காட்டுறதுக்கு என்ன?"

அண்ணன் திரும்பிப் படுத்தார்.

* நானும் நெளிவதில்லை. எழுதும்போது தவிர.

3

புண் வருமுன் தோல் சிவக்கும் என்பார்கள்; நான் சிவப்பைத் தேடினேன். எங்கள் கறுத்த தோலில் அது எங்கே தெரியும்? கசோண்டே வால் எலும்பின்மேல் புறங்கையை வைத்தாள்.

"இங்க சுடுது. கெட்டியாவும் இருக்கு. இன்னும் பிளக்கல. நாற்காலி வேண்டாம். ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ புரட்டிப் படுக்க வைங்க. அந்த இடத்தத் தேய்க்காதீங்க."

"நாலு நாளா எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்ச்சேனே," என்றார் அண்ணி.

"மிச்ச எண்ணெயில எலி வறுங்கம்மா."

தலையணைக்குள்ளிருந்து அண்ணன் கேட்டார்: "அது காயம் இல்லல்ல?"

"இன்னும் இல்ல மச்சான். நாற்காலிக்குத் திரும்பி ஓடினா காயமாயிடும்."

4

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் தோல் ஆறுகிறது. மற்றதில்...

இரண்டையும் கிழித்தேன். தோலே இன்னும் முடிவு செய்யவில்லை. வேண்டுமானால் நீங்கள் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், குடும்பப் பெயர் கெடாமல்.

பெம்பாக்காரிக்குப் பயந்து யோபே ஜெரே குப்புறக் கிடக்கிறார் என்று சந்தையில் பேச்சு. தவறு. இடப்பக்கமாகப் படுத்திருக்கிறார். நான்கு மணிக்கு வலப்பக்கம்.