முடிச்சுக்குள் இருந்த மஞ்சள்

அன்று ஞானதாஸ் வீட்டு முன்னறையில் மூன்று பேர் இருந்தோம். ஜன்னலோர நாற்காலியில் ஞானதாஸ். எதிரே முக்காலியில் நான், மடியில் பூதக்கண்ணாடி. வாசற்படியில், ஏரித் தண்ணீர் சொட்டும் சேலையோடு, இறால் பிடிக்கும் அம்மணி. நடுவே தரையில் அவளுடைய பறி, பிடித்த இறாலைப் போடும் கூடை.

உப்பு ஏரியில் அமர்ந்து இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள், அந்த ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். அம்மணி கடித்தது கயிறல்ல. பர்மாச் சண்டைக்குப் போய்வந்த அவள் அப்பா சுப்பனின் பதக்க நாடா.

இருபத்திரண்டு வருடமாக ராணுவப் பதக்க நாடாக்களைச் சேர்க்கிறேன். ஒரே பதக்கத்தின் நாடாவிலும் ஆலைக்கு ஆலை அகலம் மாறும், சாயம் மாறும். அந்த மாற்றங்களுக்காகத்தான் அலைகிறோம். ஞானதாஸ் தொடங்கி மூன்று வருடம்கூட இல்லை. அதுவும் என்னைப் பார்த்து. ஆரஞ்சாக இருக்க வேண்டிய மெல்லிய கோடு இந்த நாடாவில் மஞ்சள். சென்னையில் உள்ள எங்கள் சேகரிப்பாளர் சங்கத்துப் பட்டியலில் இல்லாத வகை. ஏறினால் கண்டெடுத்தவர் பெயரோடு ஏறும். அதற்கு அதே வட்டாரத்து உறுப்பினர் ஒருவர் பார்த்துக் கடிதம் எழுத வேண்டும். இங்கே வேறு உறுப்பினர் நான் மட்டுமே.

"எனக்கு ஏம்மா காட்டல?" என்றேன்.

"தெனிக்கும் உங்க ஊட்டாண்டதான் சார் போறேன். வாயில கட்ச்சிக்கினே போறேன். நீங்க எறா என்னா வெலன்னுதான் கேப்பீங்க. இவுருதான், இன்னாம்மா நாடா அதுன்னு கேட்டாரு. நைனாதுன்னேன்."

ஞானதாஸ் சிரித்துக்கொண்டே டீ எடுத்துவர உள்ளே போனார். பறியை அருகே இழுத்து, நாடாவைப் பூதக்கண்ணாடியில் மறுபடி பார்த்தேன். உப்பிலும் வெயிலிலும் ஆரஞ்சு வெளுத்ததாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். பறியோடு கட்டியிருந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னேன். வெயிலே படாத இடம் அது. ஆரஞ்சு அங்கே ஒளிந்திருக்கும்.

"நைனா போட்ட முடிச்சு சார், லேசுல வராது" என்று அம்மணி பல்லால் இழுத்து அவிழ்த்தாள்.

உள்ளே எலுமிச்சை மஞ்சள். நெய்த அன்றைக்கு இருந்த மஞ்சள்.

ஞானதாஸ் டம்ளர்களோடு வருவதற்குள் நாடாவைச் சுருட்டிவிட்டேன்.

"தேறுமா சார்?" என்றார் ஞானதாஸ்.

"எழுதறேன்."

"நீங்க எழுதினா போதும் சார். வேற யாருக்குத் தெரியும் இதெல்லாம்?"

தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். நீளம், அகலம், கோடுகளின் எண்ணிக்கை, பல் பட்ட இடங்கள். பல வருடம் உப்பு நீரில் ஊறியது, நிறம் வெளுத்திருக்க வாய்ப்புண்டு. ஒரு வரியும் பொய்யில்லை. முடிச்சைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

உறையின் ஓரத்தில் பசை தடவி அழுத்தினேன். சட்டைக் கையில் ஒட்டியிருந்த இழை ஒன்று பசைக்குள் போயிருந்தது. நகத்தளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, மஞ்சளாக. இழுத்தேன். வரவில்லை.

"இன்னா சார், முட்ச்சாச்சா? பொன்னேரி பஸ்ஸு கெளம்பப் போவுது" என்று தபால்காரர் நாகப்பன் தபால் பையோடு கை நீட்டினார்.

கொடுத்தேன். அவர் பையின் வாயைச் சுருக்கி, சணலை இரண்டு சுற்றுச் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார்.