பச்சைக் கீறல்

அவனியாபுரம் பட்டறையில் தங்கப்பாண்டி அலாய் வீல் கீறலை நகத்தால்தான் சோதிப்பார். நகம் மாட்டினால் ஆழம். மாட்டாவிட்டால் தேய்த்தே போக்கிவிடலாம். காலையில் வந்த வெள்ளைக் காரின் வீலில் நகம் மாட்டவில்லை. கீறல் நெடுகப் பச்சை பெயிண்ட் அப்பியிருந்தது.

"கேட்ல உரசிருச்சுண்ணே. சீக்கிரம் முடிங்க," என்றான் கார்க்காரன்.

எந்தக் கேட்டாக இருந்தால் இவருக்கென்ன? வாட்டர் பேப்பரை நனைத்துப் பதமாகத் தேய்த்தார். பாலிஷ் காம்பவுண்டு பூசித் துணியால் துடைத்தார். வீலில் முகம் தெரிந்தது. கார் கிளம்பியபோதும் வீலைத்தான் பார்த்தார், நம்பரைப் பார்க்கவில்லை.

மதியம், மச்சினன் சோணை செத்துப்போன தகவல் வந்தது. விடியற்காலையில் காய்கறி ஏற்றிப்போன அவனுடைய மூன்று சக்கர வண்டியை ஏதோ கார் உரசிக் கவிழ்த்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. தங்கப்பாண்டி போனபோது போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வண்டி சரிந்து கிடந்தது. பொங்கலுக்கு அவரே அடித்துக் கொடுத்த பச்சை பெயிண்ட்.

"கவலைப்படாதீங்க. இடிச்ச கார்ல இந்தப் பச்சை ஒட்டியிருக்கும். அது போதும், புடிச்சிரலாம்," என்றார் ஏட்டு.

தங்கப்பாண்டி தன் நகத்தைப் பார்த்தார்.

"ஒட்டியிருக்காது சார்," என்றார். "நாந்தேன் தேச்சேன். அம்புட்டையும் எடுத்துட்டேன்."