ஓரத்தில் நின்ற தாய்மாமன்

மம்சாபுரத்துக்காரர்கள் வந்து சண்டை போட்டுவிட்டுப் போன அன்றுதான் என் வீட்டுக்காரர் செல்வினுக்கு மானிட்டர் மேல் கோபம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஃப்ளெக்ஸ் பேனர் டிசைன் செய்கிறவர் அவர். சடங்கு, கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எதுவானாலும் செல்வினிடம்தான் வருவார்கள். அந்த மம்சாபுரத்துச் சடங்கு பேனரில் வயசுக்கு வந்த பெண்ணின் தாய்மாமன் இடது ஓரத்தில் பாதி முகத்தோடு நின்றுவிட்டார். ஒரு கண், ஒரு காது, அரை மீசை. சீர் சுமந்து வந்த மனுஷனை அப்படி நிறுத்தினால் சும்மா இருப்பாரா? பந்தியில் உட்காராமலே எழுந்து போய்விட்டாராம்.

"ஏட்டி, மானிட்டர் சதுரமா இருந்தா ஓரம் எப்படித் தெரியும்? அகலமா ஒண்ணு வாங்குனாத்தான் இனி பொழப்பு ஓடும்" என்றார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இதே மானிட்டரில்தான் இத்தனை வருஷமாக ஊரில் உள்ள மாமன்மாரையெல்லாம் முழு முகத்தோடு நிறுத்தினார். ஆனால் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு அஞ்சலி பேனரில் இறந்தவரின் மூத்த மருமகளே விட்டுப்போய், அதற்கும் ஏச்சு வாங்கியிருந்தோம். இன்னொரு தடவை இப்படி நடந்தால் ஒருத்தரும் வேலை தரமாட்டார்கள். மகன் பெனின் கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறான். எங்களுக்கு வேறு வருமானம் கிடையாது. சரி, தொலையட்டும், வாங்கலாம் என்று நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு வீட்டில் இஞ்ச் கணக்குதான். ஃபோனை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு இருபத்தேழா, முப்பத்துநாலா, வளைந்ததா, நேரானதா என்று ஓயாத பேச்சு. ஆன்லைனில் மலிவு, ஆனால் உடைந்து வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? கடைசியில் ராஜபாளையத்தில் தெரிந்த கடை, வேல்பாண்டி கடைக்கே போவது என்று முடிவாயிற்று. பொருளைப் பார்ப்பது அவர் பாடு, விலை பேசுவது என் பாடு. எங்கள் குடும்பத்தில் அது எழுதாத சட்டம்.

பைக்கில்தான் போனோம். வழியில் ஒரு காலேஜ் பஸ் உரசுகிற மாதிரி கடந்து போனது. அவர் ஹேண்டிலைக்கூட அசைக்கவில்லை. "பாத்துப் போங்க" என்று முதுகில் ஒரு குத்துவிட்டேன்.

வேல்பாண்டி மேஜையில் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று மானிட்டர்களை வரிசையாக வைத்தான். திருத்தின மம்சாபுரம் பேனரை இவர் பென்டிரைவில் கொண்டுவந்திருந்தார். அதையே மூன்றிலும் போட்டுக் காட்டினான். பெரியதில் இடது ஓரத்துத் தாய்மாமன் ஜம்மென்று இருந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் சங்கிலி, கும்பிட்ட கை. நான் என் வேலையைத் தொடங்கினேன்.

"இந்த விலையா? நாங்க என்ன கடையவா கேட்டோம்?"

"அக்கா, நீங்க சொல்லுத விலைக்குக் குடுத்தா நான் கடைய மூடிட்டு உங்க கூடவே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துர வேண்டியதுதான்" என்று சிரித்தான் வேல்பாண்டி. நானும் விடுவதாக இல்லை.

இதற்கிடையில் இவர் மவுஸை உலுக்கிக்கொண்டிருந்தார். "தம்பி, இது வேல செய்யலியே. பாயின்டரக் காணும்."

பாயின்டர் வலது ஓரத்தில் மேலும் கீழும் குதித்துக்கொண்டிருந்தது. வேல்பாண்டி கையைக் காட்டினான். இவர் கழுத்தை முழுசாகத் திருப்பிக் கண்டுபிடித்தார். நகர்த்தினார். அது இடது பக்கம் போனதும் மறுபடி தொலைத்துவிட்டார். சின்ன மானிட்டரில் இந்தப் பாடு இல்லை. நடுத்தரத்தில் கொஞ்சம் தேடினார். பெரியதில்தான் தலையை அங்கும் இங்கும் ஆட்டித் தேடினார்.

விலை பேசுவதை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். கொஞ்ச நாளாக வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்கிறார். பக்கத்தில் வைத்த காப்பி டம்ளரைத் தட்டிவிடுகிறார். போன ஞாயிறு சர்ச்சில் காணிக்கைப் பை இடது பக்கமாக நீட்டப்பட்டபோது கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். கஞ்சத்தனம் என்று நினைத்து வீட்டுக்கு வந்து வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

அப்போது அவர் கேட்டார். "எங்க வீட்டம்மா எங்க தம்பி? வெளிய போயிட்டாளா?"

நான் அவருடைய இடது தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தேன்.

வேல்பாண்டி என்னைப் பார்த்தான். நான் கையை மெதுவாக அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விரல்களை ஆட்டினேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் அசையவில்லை.

"இங்கதான் இருக்கேன்" என்றேன்.

வேல்பாண்டி கால்குலேட்டரை ஓரமாக வைத்தான். "அக்கா, நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கோங்க" என்றான். நான் மேற்கொண்டு வாய் திறக்காமல் ஒரு பொருளின் விலை குறைந்தது அன்றைக்குத்தான். அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

இவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "கேட்டியாட்டி? இந்த விலைக்கு எங்க கெடைக்கும்? எடுத்துருவோம்."

"மானிட்டர் வேண்டாங்க. கண் டாக்டர்ட்ட போவோம்."

"என் கண்ணுக்கு என்னட்டி கேடு? ஊசியக் கொண்டா, நூல் கோத்துத் தாரேன். கடைக்கு வந்த எடத்துல மானத்த வாங்குத!"

அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்துத் திரையின் இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் வைத்தேன். அவர் விரலோடு சேர்ந்து தலையும் திரும்பியது.

"தாய்மாமன்" என்றார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ இங்கயேதான் நின்னியா?"

"ஆமா."

அவர் பென்டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பைக் இங்கேயே நிற்கட்டும், அப்புறம் அனுப்புகிறேன் என்று வேல்பாண்டி சாவியை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலமே கடைக்குப் பக்கத்துத் தெரு கண் டாக்டரிடம் போனோம். போர்டில் இருந்த எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் தட்டாமல் வாசித்துவிட்டு, பார்த்தாயா என்பது போல என்னைப் பார்த்தார். எனக்கும் ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. அப்புறம் ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பொத்தான் சத்தம் எப்போதோ ஒரு தடவைதான் கேட்டது.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். ஓரத்துப் பார்வை போய்விட்டது, நடு மட்டும்தான் மிச்சம். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும். வண்டி ஓட்டவே கூடாது. "எம்புட்டு நாளைக்குத் தாங்கும்?" என்று இவர் கேட்டார். மருந்தை விடாமல் போடுங்கள், மாதாமாதம் வந்து காட்டுங்கள் என்பதைத்தான் டாக்டர் திரும்பச் சொன்னார்.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். நான் அழுதுகொண்டே வந்தேன். அவர் பக்கமாகத்தான் உட்கார்ந்திருந்தேன், அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை நினைத்து இன்னும் அழுதேன்.

அவர் நேரே பார்த்தபடியே சொன்னார். "வேல்பாண்டிக்கு ஒரு போனப் போடு."

"அந்தப் பெருசு வேண்டாங்க."

"பெருசு இல்லட்டி. கடையில இருக்கதுலயே ரொம்பச் சின்னது எதுன்னு கேளு. நடுவுல வச்சா எனக்கு முழுசும் தெரியணும். அம்புட்டுதான்."

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது படியில் அவர் கையைப் பிடித்தேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில் கையைப் பிடித்தால் எப்போதும் உதறிவிடுவார். அன்றைக்கு அவர்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.