ஐந்து நட்சத்திரம் வாங்கிய வண்டி

வெளியே நின்றுகொள்கிறேன் என்று ரிஸானா சொன்னதை அவள் கணவன் சித்தீக் காதில் வாங்கவில்லை. அடிபடாத கையைப் பிடித்து அவளை ஒர்க்‌ஷாப் கொட்டகையின் கடைசி மூலைக்கு அழைத்துப் போனான். அங்கே தார்ப்பாயை விலக்கி வண்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். வலது பாதி புதிதாகவே இருந்தது. இடது பாதியில் முன்கண்ணாடி இருந்த இடம் வெறும் பொந்து. கூரை முன் சீட்டு வரைக்கும் உரிந்து சுருண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் பின் சீட்டைப் பார்க்காமல் டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

போன வாரம் இருட்டிக்கொண்டு வந்த மஃரிபு நேரத்தில், புளியங்குடியில் அவள் உம்மா வீட்டிலிருந்து சங்கரன்கோவிலுக்குத் திரும்பும்போது நடந்தது. ஓட்டியவன் சித்தீக்கின் தம்பி ரசூல். டயர் வெடித்து ரோட்டோரம் நின்ற லாரிக்குப் பின்னால் விளக்கு எரியவில்லை. அடையாளத்துக்கு ஒரு மரக்கிளைகூட இல்லை. கடைசி நொடியில் ரசூல் ஸ்டியரிங்கை ஒடித்ததில் இடது பாதி மட்டும் லாரியின் பின்பலகைக்கு அடியில் போய்ச் செருகிக்கொண்டது. ரசூலுக்கு நெற்றியில் தையல். ரிஸானாவுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. நாலு வயசு மகள் பாத்திமா ஹனா பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில், மூளையில் வீக்கம் வடியாமல், இன்னும் கண் திறக்காமல் கிடந்தாள்.

சவுதியில் வேலை பார்க்கும் தம்மாமிலிருந்து வந்து இறங்கியதிலிருந்து, மகளைப் பார்க்க விடும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் சித்தீக் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒரு மோதல் டெஸ்ட் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இதே மாடல் வண்டி, வெள்ளை வெளிச்சத்தில் ஓடிவந்து ஒரு தடுப்பில் மோதும். முன்பக்கம் நசுங்கும். காற்றுப் பைகள் விரியும். உள்ளே இருக்கும் பொம்மை மனிதர்கள் முன்னால் போய்விட்டுத் திரும்பச் சாய்ந்துகொள்வார்கள். கதவு ஒழுங்காகத் திறக்கும். ஐந்து நட்சத்திரம். வண்டி வாங்குவதற்கு முன்னால் அவன் இதைப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் ஆக்கியிருந்தான். தான் இல்லாத ஊரில் மனைவியும் மகளும் போகும் வண்டி இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோரோடும் மல்லுக்கட்டி வாங்கினான்.

விபத்தில் காற்றுப் பை திறக்கவில்லை என்பதைத்தான் இப்போது கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்கு மெயில் மேல் மெயில் போட்டதில் மதுரையிலிருந்து செல்வக்குமார் என்ற எஞ்சினியர் வந்திருந்தான். சின்ன வயசுதான். வண்டிக்குள் இருந்த யாரிடமாவது பேச வேண்டும் என்று கேட்டிருந்தான். ரசூல் தன் அண்ணன் முகத்தில் முழிக்காமல் சுற்றிக்கொண்டிருந்ததால், தன் உம்மாவை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு ரிஸானாவைக் கூட்டி வந்திருந்தான் சித்தீக்.

"பை ஏன் தொறக்கல? அத மட்டும் சொல்லுங்க."

செல்வக்குமார் குனிந்து, பம்பருக்குப் பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைக் காட்டினான். அது வளையவே இல்லை. "இதுல மோதி வண்டி சட்டுனு நின்னாத்தான் பை தொறக்கும் சார். டெஸ்ட்ல தடுப்பு கீழ இருந்தே இருக்கும். இங்க லாரிப் பலகை பானட்டுக்கு மேல வந்திருக்கு. சட்டத்துல எதுவும் படல."

"அப்ப டெஸ்ட்டு பொய்யா?"

"பொய் இல்ல சார். அந்த மாதிரி மோதினா இந்த வண்டி காப்பாத்தும்."

"ரோட்டுல எவன்வே அந்த மாதிரி தடுப்பு கெட்டி வச்சிருக்கான்? ரோட்டுல லாரிதான நிக்கி." சித்தீக் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "பை கோளாறுன்னு எழுதிக் குடுங்க. ஒங்க கால்ல விழுதேன்."

உண்மையிலேயே குனிந்தான். செல்வக்குமார் பதறிப் பின்வாங்கியதில் முதுகு தகரத்தில் இடித்தது.

"கோளாறு இருந்தா எழுதிருவேன் சார்." வண்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான். "பாப்பா எங்க இருந்தா?"

"பின் சீட்டுல" என்றான் சித்தீக்.

செல்வக்குமார் ரிஸானாவைப் பார்த்தான். பின் சீட்டு என்றுதான் அவளும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

"என் மடியில இருந்தா" என்றாள். "அழுதுக்கிட்டே வந்தா. இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன். மோதுனப்பவும் பிடிச்சிருந்தேன். பொறவு பாத்தா கையில இல்ல."

"டெஸ்ட்ல பிள்ளை பொம்மைக்குத் தனி சீட்டு உண்டும்மா. பெல்ட் போட்டிருப்பாங்க." அவன் குற்றமாகச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துத்தான் சொன்னான்.

சித்தீக் அவள் பக்கம் திரும்பினான். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வண்டி எடுத்த அன்றைக்கு வீடியோ காலில் அவன் இருந்தான். ஷோரூமில் இருந்த பெண், சின்னப் பிள்ளைகளுக்கான சீட்டைத் தூக்கிக் காட்டி, இதையும் சேர்த்துப் போடட்டுமா சார் என்று கேட்டாள். உம்மா மடி இருக்கும்போது எம்பிள்ளைக்கு எதுக்கு சீட்டு என்று அவன் சொன்னான். இந்த ஒரு வாரமாக ஐசியூ வாசலில் அவள் அந்த ஒரு வாக்கியத்தோடுதான் இருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். சொன்னால் அவன் தாங்கமாட்டான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஏதோ கத்த வாயைத் திறந்தவன் அப்படியே நின்றான். பிறகு முன் சக்கரத்தில் சாய்ந்து, கண்ணாடித் தூள் கிடந்த தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான்தான சொன்னேன்" என்றான். "சீட்டு வேண்டாம்னு."

"நானும் கேட்டுச் சிரிச்சேன்ல" என்றாள் ரிஸானா.

செல்வக்குமார் சத்தமில்லாமல் வெளியே போய்விட்டான்.

அப்போதுதான் சித்தீக்கின் போன் அடித்தது. எடுக்க முடியாமல் அவளிடம் நீட்டினான். அவனுடைய உம்மா பேசினாள். "ஒடனே வரச் சொல்லுதாவ மக்கா. என்ன ஏதுன்னு கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்காவ. ரெண்டு பேரும் வந்துருங்க."

அவர்கள் வந்த வாடகைக் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் ஏறியதும் சித்தீக் சீட்டு இடுக்கில் கையை விட்டுத் துழாவ ஆரம்பித்தான்.

"என்ன தேடுதீங்க அண்ணாச்சி?" என்றார் டிரைவர் பெருமாள்சாமி.

"பெல்ட் மாட்டுத எடம்."

"பின்னால யாரும் போடுததில்ல. கவருக்கு அடியில கெடக்கும்."

சித்தீக் சீட்டுக் கவரை நகத்தால் கிழித்தான். வராத இடத்தில் பல்லால் கடித்து இழுத்தான். டிரைவர் தடுக்கவில்லை. நிலக்கடலைத் தோலும் பழைய டிக்கெட்டுமாக ஒரு பக்கத்துக் கொக்கி வெளியே வந்தது. ரிஸானாவின் கையைத் தாங்கியிருந்த தொட்டில் கட்டுக்கு மேலாகப் பெல்ட்டை இழுத்து மாட்டினான். வலியில் அவளுக்குக் கண் இருட்டியது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் பக்கத்தில் பெல்ட் மட்டும் இருந்தது.

"அந்தக் கொக்கி ஒடஞ்சி வருசக்கணக்காச்சு அண்ணாச்சி."

"போங்க" என்றான்.

கார் சங்கரன்கோவிலைத் தாண்டித் திருநெல்வேலி ரோட்டில் ஏறியது. மெதுவாகப் போகச் சொல்லவும் முடியவில்லை, வேகமாகப் போகச் சொல்லவும் முடியவில்லை. பனவடலிசத்திரம் தாண்டியும் போன் அடிக்கவில்லை. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. சித்தீக் தன் பக்கத்துப் பெல்ட்டை மார்பின் குறுக்கே இழுத்து, மாட்ட இடமில்லாத அதன் நுனியை இடுப்போடு சேர்த்துக் கையாலேயே அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.