ஒரு மணிக்குள் சொல்லியாக வேண்டியது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாக ஆரம்பிக்கவே இல்லை. 'வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவருக்கு வேண்டிய திறமைகள்' என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டிருந்தார். எனக்கு அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் என் தங்கைக்கு ஒன்பது வருஷமாக அதுதான் பிழைப்பு. நோட்டும் பேனாவுமாக அவள் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். போகாமல் இருந்திருக்கலாம்.

2.

முதல் தொடக்கம்: "மனித மனத்தின் ஆழங்களை அளந்தறியும் ஆற்றலே..." [சீ! பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டியா இது?]

இரண்டாம் தொடக்கம்: "கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், மூன்று போன்களுக்கு நடுவே, ஒரு தனித்த தீவைப் போல அவள்..."

[தங்கை எட்டிப் பார்த்துவிட்டாள். "தீவாம் தீவு! ஒரு பயோடேட்டாவுக்கு நான் பத்து செகண்ட் குடுப்பேன்ணா. உன்னுது அஞ்சுலயே அவுட்டு." அந்த வரியை அடித்துவிட்டேன்.]

மூன்றாவது தொடக்கம் இதோ. இதில் தீவு கிடையாது.

3.

"ஏன் வேலையை விடறீங்கன்னு ரெண்டு தடவை கேக்கணும்" என்றாள். "மொதல்ல சொல்றது நமக்காக. ரெண்டாவது தடவை சொல்றதுதான் நிஜம்."

உதாரணத்துக்கு ஒரு விண்ணப்பத்தை நகர்த்தினாள். ஃபிரிட்ஜ் மெக்கானிக். நாற்பத்து நான்கு வயது. போட்டோவில் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார். பதினொரு வருஷமாக ஒரே பட்டறை. முதலாளி வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். நாளைக் காலை பத்து மணிக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் குளிர்சாதனங்களைப் பராமரிக்கும் வேலைக்குக் கடைசிச் சுற்று நேர்முகம்.

முதல் தடவை கேட்டதற்கு, "வீட்டுக்குப் பக்கம் மேடம்" என்றாராம். இரண்டாவது தடவை: "மச்சான் நல்லவருதாங்க. ஆனா ஊருக்கெல்லாம் நான் அவரு தங்கச்சி புருஷன். என் வேலையைப் பாத்து யாராவது ஒருத்தர் என்னை எடுக்கணும் மேடம், ஒரே ஒரு தடவை."

வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. கிடைத்த பிறகு தானே மச்சானிடம் முறையாகச் சொல்லிக்கொள்வதாக இருந்தார்.

4.

அடுத்த திறமை, விசாரிப்பது. "பழைய முதலாளிகிட்ட பேசறப்ப வார்த்தையைக் கணக்குல எடுக்கக் கூடாது, எங்க இழுக்கறாங்கன்னு கவனிக்கணும். படபடன்னு புகழ்ந்தா உஷாராயிடுவேன். தொலைஞ்சாப் போதும்னு தள்ளிவிடறாங்கன்னு அர்த்தம்."

"எங்கே, ஒருத்தர்கிட்ட பேசிக் காட்டேன்" என்றேன்.

[இந்த வரியை மூன்று முறை அடித்தேன். அடித்தால் பழி முழுக்க அவள் தலையில் விழுகிறது. இருந்து தொலையட்டும்.]

விண்ணப்பத்தில் இரண்டு நம்பர். மேலே இருந்தது இப்போதைய பட்டறை. பக்கத்திலேயே 'கூப்பிட வேண்டாம்' என்று அவர் கையெழுத்து. கீழே இருந்தது அதற்கு முந்தைய இடம். என்னிடம் பந்தா காட்டும் உற்சாகத்தில் என் முகத்தைப் பார்த்தபடியே நம்பரை அழுத்தினாள். ஸ்பீக்கர் வேறு. மெக்கானிக்கின் பெயரைச் சொல்லி, ஆள் எப்படி என்று கேட்டாள்.

"அவரா? தங்கம்மா, தங்கம்!" என்றது ஒரு கனத்த குரல்.

தங்கை என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். "உங்ககிட்ட எது வரைக்கும் வேலை பாத்தாரு சார்?"

"எது வரைக்குமா? இப்பக்கூட கீழ வண்டியில ஃபிரிட்ஜ் ஏத்திக்கிட்டிருக்காரு. எங்க மாப்பிள்ளைம்மா அவரு. நீங்க யாரு பேசறது?"

ஒன்பது வருஷ அனுபவசாலிக்கு ஒரு பொய் கிடைக்கவில்லை. கம்பெனி பெயரைச் சொல்லிவிட்டாள்.

"ஓஹோ" என்றார். வைத்துவிட்டார்.

5.

அப்போது மணி பன்னிரண்டரை. ஒரு மணிக்கு மச்சானும் மாப்பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள், பதினொரு வருஷமாக. "அந்த நேரம் மட்டும் கூப்பிடாதீங்க மேடம்" என்று அவரே சொல்லியிருந்தார். ஆட்கள் முன்னால் மச்சான் கேட்கமாட்டார். கேட்டால் அந்தச் சாப்பாட்டில்தான்.

"ஐயய்யோ, ஒண்ணும் தெரியாம டப்பாவைத் திறந்துக்கிட்டுப் போய் உக்காருவாருண்ணா" என்றாள். "நீதான் எழுதறவனாச்சே. எப்படிச் சொல்றதுன்னு நாலு வரி எழுதிக் குடு. சீக்கிரம்!"

6.

எழுதிக் கொடுத்தேன்.

முடிவு அ: சொல்லவே வேண்டாம். சாப்பாட்டில் மச்சான் பெருமையோடு தட்டிக்கொடுத்து...

"அப்ப அந்த 'ஓஹோ'வை எங்கண்ணா போட்ட? காணுமே!"

முடிவு ஆ: "எங்கள் கணினியில் ஏற்பட்ட கோளாறு காரணமாக..."

[இதை அவள் இரண்டு முறை படித்தாள். அவளும் மனுஷிதானே. எனக்கும் உள்ளூர இதுதான் பிடித்திருந்தது.] பிறகு தாளைத் திருப்பித் தள்ளினாள். "கம்ப்யூட்டரா அவரு சோத்துல மண்ணள்ளிப் போட்டுச்சு? நான்ல போட்டேன்."

முடிவு இ: "என் அண்ணன் தொணதொணத்ததால்தான்..."

"உன்னையா நம்பி நம்பர் குடுத்தாரு? போண்ணா."

மணி பன்னிரண்டு ஐம்பது. என் கைவசம் வேறு முடிவு இல்லை. வெட்கமாக இருந்தது.

7.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுக் கூப்பிட்டாள். அவர் பேசியது எனக்குக் கேட்கவில்லை. கற்பனை செய்து நிரப்பியிருப்பேன். ஆனால் போட்டோவில் பார்த்த அந்த மனிதரின் வாயில் என் வசனத்தைத் திணிக்க மனம் வரவில்லை. அடைப்புக்குறிகளைக் காலியாக விட்டிருக்கிறேன்.

"சார், வண்டிகிட்டேயிருந்து கொஞ்சம் தள்ளி வாங்க."

(                    )

"இப்ப உங்க மச்சானுக்கு போன் பண்ணிட்டேன் சார். நீங்க வேலை தேடறது அவருக்குத் தெரிஞ்சுபோச்சு."

(                    )

"நான்தான் சார். கூப்பிட வேண்டாம்னு நீங்க எழுதித்தான் இருந்தீங்க. நான் பாக்கல. என் தப்புதான்."

(                                                            )

[இது நீளமானது. நீங்கள் இதில் என்ன எழுதினாலும் அவள் வாங்கிக்கொண்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை கண்ணைத் துடைத்தாள்.]

"திட்டுங்க சார். ஆனா நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்க. நீங்க யாரோட மாப்பிள்ளைன்னு அந்த ஆஸ்பத்திரியில யாருக்கும் தெரியாது. உங்க வேலையைப் பாத்துதான் கூப்பிட்டிருக்காங்க."

(                    )

"யாரு, மச்சானா? இன்னொரு லைன்லயா?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

"எடுங்க சார். நான் கட் பண்ண மாட்டேன். லைன்லயே இருக்கேன்."

8.

அவர் எடுத்துவிட்டார். இனி அங்கே நடப்பது எனக்கும் தெரியாது, என் தங்கைக்கும் தெரியாது. 'ஓஹோ' என்று சொல்லி வைத்த ஒரு மனிதர், சாப்பாட்டு நேரம் வரை பொறுக்காமல் மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருக்கிறார். திட்டவா, "நாளைக்கு எத்தனை மணிக்குப் போகணும்?" என்று கேட்கவா? நீங்களே எழுதுங்கள்.

கொஞ்சம் சீக்கிரமாக எழுதுங்கள். அவள் இன்னும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.