ஷஹர்பானு கொடுத்த இலை

கோவளத்தில் ஷஹர்பானுவிடம் யாராவது சிரித்துப் பேசினால், எதற்கு அடி போடுகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பாள். அப்படிப்பட்டவளிடம் போய், செங்கல்பட்டிலிருந்து வந்த ஜெயகிருஷ்ணன் சிரித்துக்கொண்டே புன்னை இலை கேட்டான்.

அவன் ஆராய்ச்சிக்காரன். கடற்கரையில் மிஞ்சியிருக்கும் பழைய புன்னைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபட்டவை என்று மரபணுவை வைத்துப் பார்க்கிறானாம். எல்லாம் ஒரே வம்சமாகிவிட்டால் ஒரே நோய் மொத்தத்தையும் வாரிக்கொண்டு போய்விடுமாம். தனி வம்சம் என்று தெரிந்தால், வெட்டக் கூடாது என்று எழுதிக் கொடுப்பார்களாம். அந்தக் கடைசிப் பேச்சுதான் அவளுக்கு இடித்தது. சாலையோர மரங்களுக்கு எண் போட்டவர்களும் சும்மா கணக்கெடுப்பு என்றுதான் சொன்னார்கள்; பின்னாலேயே ரம்பம் வந்தது. அவள் கொல்லையில் இருப்பது ஒரே புன்னை. பிள்ளைகள் எல்லாருக்கும் அதன் கிளையில்தான் தூளி கட்டினாள். அதை இழக்க அவளால் ஆகாது.

"கொல்லையில பொம்பளைங்க குளிச்சிகினு கீறாங்க. நீங்க இங்கயே நில்லுங்க, நான் எடுத்தாறேன்" என்றாள்.

அவனும் மரியாதை தெரிந்தவன், வாசலிலேயே நின்றான். கொல்லையில் ஈ காக்காய் இல்லை. பக்கத்து ரிசார்ட்டில் நர்சரிக் கன்றாக வாங்கி வரிசையாக நட்ட புன்னைகளின் கிளை சுவர் தாண்டித் தொங்கியது. அதில் நாலு கொழுந்தைக் கிள்ளிக் கொடுத்தாள். போனால் ரிசார்ட் மரம் போகட்டுமே!

சில மாதம் கழித்து அவனே போன் செய்து, உங்கள் மரமும் நர்சரி வம்சம்தான் என்று வருத்தப்பட்டான். தொல்லை விட்டது என்று அவள் நிம்மதியாக இருந்தாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் மழைநீர்க் கால்வாய் வெட்ட ஆட்கள் வந்து, அவள் கொல்லையில் புன்னை நின்ற இடத்தின் வழியாகவே அளந்தார்கள். அடுத்த தெருப் புன்னையை மட்டும் சுற்றிக்கொண்டு போனது கால்வாய்க் கோடு. ஏன் என்று கேட்டாள். அது தனி வம்சம், ஆராய்ச்சிக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார் என்றார்கள்.  உடனே ஜெயகிருஷ்ணனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அன்னிக்கு நான் குடுத்தது எங்க மரத்து இலையே இல்ல. ரிசார்ட்டு மரத்துது. நீங்களே வந்து பறிச்சுக்கோங்க."



"கால்வாய்க்கு அளந்துட்டாங்களாக்கா?" என்று கேட்டான் அவன்.

அளந்துவிட்டார்கள் என்றாள்.

"அதான பார்த்தேன்" என்றான் ஜெயகிருஷ்ணன்.

அல்லா மேல் ஆணையாக என்றாள், பிள்ளைகள் மேல் ஆணையாக என்றாள். பார்க்கலாம் என்று வைத்துவிட்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவன் இடத்தில் இருந்திருந்தால் அவளும் நம்பியிருக்கமாட்டாள்.